மம்சாபுரத்துக் கோல்கீப்பர்

ஒன்பது ஆட்டம் ஆடியதில் ஏழு தோல்வி, ஒன்று சமன், ஒன்றே ஒன்று வெற்றி. அந்த ஒன்றும் எதிரணிக்காரர்கள் ஆள் தேறாமல் ஒன்பது பேரோடு இறங்கியதால் கிடைத்தது. பதினொரு வருஷமாக மாவட்டக் கால்பந்து லீக்கில் ஏ டிவிஷனை விட்டு இறங்காத ராஜபாளையத்துக் காலேஜ் டீம் இந்த ஐப்பசியோடு பி டிவிஷனுக்குப் போய்விட்டது.

காலேஜில் யாரும் அதற்காகத் தலையில் கைவைத்து உட்காரவில்லை. ஆடிய பையன்கள் திங்கட்கிழமையே ரெக்கார்டு நோட்டு எழுதப் போய்விட்டார்கள். முடங்கியார் ரோட்டில் குடியிருக்கும் பால்பாண்டிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

அவர் அந்தக் காலேஜில் படித்தவர் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்று, இருபத்து மூன்று வயதில் வன்னியம்பட்டியிலிருந்து மில் வேலைக்கு வந்தவர். வந்த புதிதில் அவர் தங்கியிருந்த அறை காலேஜ் கிரவுண்டின் பின்சுவரை ஒட்டி இருந்தது. முதல் ஷிப்ட் முடிந்து வந்தால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. சுவர் இடிந்து ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி இருந்தது. அதன் வழியாகப் போய் கோல் வலைக்குப் பின்னால் நின்றார். அன்று நின்றவர்தான். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவள் மதுரையில் நர்சிங் படிக்கவும் போய்விட்டாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பையன்கள் வந்து ஆடிப் போனார்கள். நம்ம டீம் எந்தப் பக்கம் கோல் காக்கிறதோ அந்தப் பக்கத்து வலைக்குப் பின்னால் பால்பாண்டி நிற்பார். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால் அவரும் கிரவுண்டைச் சுற்றி நடந்து மறுபக்கம் போவார். வெளியூர் ஆட்டத்துக்கும் லீவு போட்டுவிட்டுப் போவார். பந்தைக் காலால் தொட்டவர் இல்லை. வெளியே உருண்டு வந்தால் கையால் எடுத்துக் கொடுப்பார்.

மில்லில் அவர் மெயிண்டனன்ஸ் பிட்டர். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சே காதில் விழாது. ஆனால் எந்த மெஷினில் எந்த பேரிங் காய்ந்திருக்கிறது என்று பால்பாண்டி நடக்கிற போக்கிலேயே சொல்லிவிடுவார். ஒரு நூல் அறுந்தால்கூட அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பது அவர் கட்சி.

டீம் தோற்கத் தோற்க அந்தப் புத்தியைத்தான் கிரவுண்டுக்கும் கொண்டுபோனார். ஆடி மாசத்து முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கியபோது புதுசாக வந்த கோச்சைச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் நாலு. அதற்கு, குழாய் பதிக்கிறோம் என்று கிரவுண்டில் பாதியைத் தோண்டிப் போட்டதுதான் காரணம், பையன்களுக்குப் பயிற்சியே இல்லை என்றார். பிறகு சென்னைக்குப் போய்விட்ட பழைய ஸ்ட்ரைக்கரைச் சொன்னார். கேப்டன் எட்வினுக்கு முழங்கால் சரியில்லை என்றார். காலேஜ் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாண்டிச்செல்வம் அவரைப் போலவே ஆட்டப் பைத்தியம். ஒவ்வொரு வாரமும் அந்தக் கடை வாசலில் நின்றுகொண்டு ஒரு காரணத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார் பால்பாண்டி. அந்த வாரத்துக்கு மனசு கொஞ்சம் அடங்கும்.

ஒன்பதாவது ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், அந்த ஊர்க் காலேஜோடு. கோல் விழாமல் சமனில் முடிந்தால் போதும், ஏ டிவிஷனில் ஒட்டிக்கொள்ளலாம். மத்தியானம் செண்பகத்தோப்பு மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்த மழை, ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் கிரவுண்டுக்கே வந்துவிட்டது. பையன்கள் யார் எந்த டீம் என்று தெரியாதபடி சேறு. கோல்கீப்பர் பிரேம்குமார் அன்றைக்கு மூன்று நல்ல பந்தைத் தடுத்தான். மூன்றாவதைத் தடுத்தபோது பால்பாண்டி வலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "அப்பிடித்தான் தம்பி, அப்பிடித்தான்" என்றார்.

ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருந்தபோது, எதிரணிப் பையன் ஒருவன் நடுக்கோட்டுப் பக்கமிருந்து சும்மா ஒரு பந்தைத் தூக்கி அடித்தான். யாரையும் பார்த்து அடித்ததில்லை. அது இரண்டு தடவை குத்தி எழும்பி, பிரேம்குமார் நெஞ்சுக்கு நேராக வந்தது. அவன் இரண்டு கையாலும் அணைத்தான். பிடித்துவிட்டான் என்று நினைத்து டிஃபன்ஸ்காரர்கள் முன்னால் நடக்கவே தொடங்கிவிட்டார்கள். பந்து அவன் முழங்கைக்கு அடியில் நழுவி, கால் இடுக்கில் விழுந்து, அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டியது.

கிரவுண்டே ஒரு கணம் வாயடைத்து நின்றது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில்தான் பால்பாண்டி கத்தினார்.

"ஏலே மம்சாபுரத்தான், ஒங்கூருக்காரனுக்கு வழி விட்டுட்டியால? பக்கத்தூரு பாசமால? அதுக்கு ஏம்ல எங்க பனியனப் போட்ட?"

மம்சாபுரம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. பிரேம்குமார் அந்த ஊர்ப் பையன் என்பது பால்பாண்டிக்கு எப்போதோ காதில் விழுந்த சங்கதி. எப்படி அது அந்த நேரத்தில் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பிரேம்குமார் திரும்பி அவரைப் பார்த்தான். பந்தை எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே பார்த்தான். பக்கத்தில் நின்ற நாலைந்து பேர், "ஏய் மம்சாபுரத்தான்" என்று எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிகிறவரைக்கும் அது நிற்கவில்லை.

ஏ டிவிஷனில் தப்பித்துவிட்டால் பையன்கள் குதிப்பதைப் பிடித்து வைக்கலாம் என்று பாண்டிச்செல்வம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கோல் விழுந்ததும், பால்பாண்டி கத்தியதும், பையன் திரும்பிப் பார்த்ததும் அதில் வந்துவிட்டது. மனசு வெறுத்துப்போய் அன்றைக்குச் சாயங்காலமே அதை ஸ்டேட்டஸில் போட்டான். யாரோ அதை எடுத்துச் சிரிப்புச் சத்தம் சேர்த்துச் சுற்றுக்கு விட்டார்கள். புதன்கிழமை மதுரையிலிருந்து மகள் அதை அவருக்கு அனுப்பியிருந்தாள். "அப்பா, இது நீங்களா?" என்று மட்டும் கீழே எழுதியிருந்தாள். பால்பாண்டி பதில் போடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி அழகுத்தாய் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தாள். அவளுக்கு சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. புண்ணுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியை அளவாக மடித்து அடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முடியில் ஒட்டிய பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு, முகம் கழுவி, அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான் மறு பேச்சு. அன்றைக்கு முகம் கழுவவில்லை. சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கி வைக்காமல் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞானபாக்கியம்னு சொல்லுவேன்லா, என் டேபிள்ல எதுத்தாப்ல இருக்கிறவ."

"மடிக்கிறதுல கை வேகம்னு சொல்லுவியே, அவளா?"

"அவதான். நாலு நாளா மூஞ்சியே சரியில்ல. இன்னைக்குச் சோத்துச் சட்டியத் தொறந்து வச்சிட்டு அழுதா. என்னட்டின்னு கேட்டேன். மவன் திங்கக்கிழமையில இருந்து காலேஜுக்குப் போவலயாம். வெளிய தெருவ எட்டிப் பாக்கலயாம். வார திங்கக்கிழமை கோயம்புத்தூருக்கு மோட்டார் கம்பெனி வேலைக்குப் போறேன், படிப்பு வேண்டாம்னு நிக்கானாம். கடைசி வருசம். இன்னும் ரெண்டு பரீட்சதான் பாக்கி."

"எந்தக் காலேஜு?"

"ஒங்க காலேஜுதான்."

பால்பாண்டி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர் காலை மடக்கிக்கொண்டார்.

"அவளுக்கு நீங்க யாருன்னு தெரியாது. அடுத்த டேபிள் புள்ள போன்ல இருக்குன்னு வாங்கி எங்கிட்டக் காட்டுதா. யாரோ ஒரு ஆளு எம்புள்ளைய இப்பிடிப் பேசிட்டான்க்கா, கேளுங்கன்னு காதுகிட்ட வைக்கா. நான் ஒங்க குரலக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? சொல்லாம அவ மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சோறு திங்க? எங்க வீட்டு ஆளுதான்னு சொல்லிட்டேன்."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சட்டிய மூடி எடுத்துக்கிட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டா. நாலு வருசமா ஒண்ணா உக்காந்து தின்னுருக்கோம். அவ வீட்டுக் கொழம்பு எனக்கு, நம்ம வீட்டுக் கொழம்பு அவளுக்கு. இன்னைக்கு நான் தனியா உக்காந்து தின்னேன். திங்கல, கொட்டிட்டேன்."

பால்பாண்டி கட்டிலை விட்டு இறங்கினார். பிறகு, "கோவத்துல வந்துட்டு" என்றார். "செயிக்கணும்னுதான் சொல்லுதோம். இருவத்தாறு வருசமா அந்த டீம் பின்னால நிக்கேன். அது கீழ எறங்குறதக் கண்ணால பாத்துக்கிட்டு எப்பிடிச் சும்மா இருக்க?"

"இருவத்தாறு வருசம் நின்னா வாயில வந்ததப் பேசலாமா? போன மாசம் நான் துணிய ஓரம் மாத்தி மடிச்சிட்டேன்னு சூப்பர்வைசர் அம்புட்டுப் பேரு முன்னால ஏசுனான். வீட்டுல வந்து அழுதேன். அன்னைக்கு நீங்க என்ன சொன்னீய? ஒருநா கை தப்புனா என்னட்டி, அவனுக்குத் தப்பாதான்னு சொன்னீய. இந்தப் பையனுக்குக் கை தப்பக் கூடாதோ?"

அவள் எழுந்து முகம் கழுவப் போனாள். அன்றைக்கு வீட்டில் காப்பி போடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மத்தியானக் கத்திரிக்காய்க் குழம்பைச் சுடவைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உப்பு வேணும்னா போட்டுக்கிடுங்க" என்றாள்.

மறுநாள் மில்லில் ஒரு மெஷினின் பெல்ட்டை மாற்றிவிட்டு, போல்ட்டை முறுக்க மறந்து நகர்ந்துவிட்டார் பால்பாண்டி. ஓட்டுகிற பெண் ஸ்விட்சைத் தட்டப் போனபோதுதான் பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்தினார். அவள், "என்னண்ணே, நீங்களா இப்பிடி?" என்றாள். அந்த ஒரு சொல் அன்றைக்கு முழுக்க அவரைக் குடைந்தது. அவள் ஏசியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

ஷிப்ட் முடிந்து நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பாண்டிச்செல்வம் யாருடைய ஆதார் கார்டையோ கண்ணாடியில் வைத்து மூடிக்கொண்டிருந்தான்.

"அந்த வீடியோவ அழிச்சுரு."

"எங்கிட்ட அழிச்சா போதுமாண்ணே? அது எங்கெங்கயோ போயிட்டு. சங்கரன்கோவில்ல இருந்து என் மச்சினன் எனக்கே அனுப்புதான்."

"நீ ஏம்ல அதப் போட்ட?"

"நீங்க ஏண்ணே அதச் சொன்னீய?"

பால்பாண்டி கடை வாசலில் ஒழுகிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாண்டிச்செல்வம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எனக்கும் ஒறங்க முடியலண்ணே. அந்தப் பையன் மூணு வருசமா எங்கடையிலதான் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுப்பான். நாளைக்குக் காலையில டீம் பயலுவ எல்லாரும் பூட்ஸ் பனியன் திருப்பிக் குடுக்க வருதானுவ. கோச்சும் வருதாரு. அங்க வச்சு ஏதாச்சும் சொல்லுங்க. நான் அதையும் எடுத்துப் போடுதேன்."

சனிக்கிழமை காலை பால்பாண்டி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலேஜ் வாசல் வழியாக உள்ளே போனார். கிரவுண்டு ஓரத்து அறையில் கோச்சும் பத்துப் பன்னிரண்டு பையன்களும் மூட்டை மூட்டையாகக் கிடந்த பனியன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரேம்குமார் இல்லை. பால்பாண்டி வாசலிலேயே நின்று சொன்னார்.

"அந்தத் தம்பிய நான் ஊரச் சொல்லிப் பேசுனது தப்பு. அவன் வேணும்னு விடல. மழை, பந்து வழுக்கிருச்சு. எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஏசுனேன், அதான் எல்லாரும் இருக்கும்போது சொல்லுதேன்."

பாண்டிச்செல்வம் போனைப் பிடித்திருந்தான். கோச், "சரிங்க, சரிங்க. விடுங்க" என்றார். பையன்களில் ஒருவன், "முடிஞ்சு போச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, ஒற்றைக் கால் பூட்ஸுக்கு ஜோடி தேடப் போய்விட்டான். கேப்டன் எட்வின் மட்டும் பனியனைக் கையில் வைத்தபடி அவரைப் பார்த்தான்.

"எங்ககிட்டச் சொல்லி என்ன அண்ணாச்சி? நாங்களும் ரெண்டு நாள் வாட்ஸப் குரூப்புல அவன மம்சாபுரத்தான்னுதான் கூப்பிட்டோம். இப்ப போன் போட்டா எடுக்க மாட்டேங்கான்."

அந்த மன்னிப்பு வீடியோவைப் பாண்டிச்செல்வம் அன்றைக்கு மத்தியானமே போட்டான். பால்பாண்டி சாயங்காலம் வரைக்கும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். சாப்பிடும்போதும் இடது கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முப்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒன்று அவரே பார்த்தது. மகள் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை.

"ஞானபாக்கியம் பாத்திருப்பாளா?" என்று அழகுத்தாயிடம் கேட்டார்.

"அவ வச்சிருக்கது பட்டன் போனு" என்றாள் அவள். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அவ வீடு சர்ச்சுக்குப் பின்னாடின்னு சொல்லுவா" என்றாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

மம்சாபுரத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. சர்ச்சில் ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கடையில் பிஸ்கட் ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாமா என்று நின்றார். அது தப்பாகப் படுமோ என்று வெறுங்கையோடே நடந்தார். பின்தெருவில் நாலாவது வீடு என்று ஒருவர் காட்டினார். சர்ச்சுக்குப் போய் வந்த சேலையோடேயே ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பிரேம்குமார் வீடுங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை நின்றுவிட்டது.

"நீங்கதானா?"

"எப்பிடித் தெரியும்?"

"குரலு. மவன் போன்ல நாப்பது தடவயாவது கேட்டிருப்பேன்."

அவள் அவரை உட்காரச் சொல்லவில்லை. கீரையை மறுபடி உருவத் தொடங்கினாள். விரல்கள் அத்தனை வேகமாக ஓடின. பால்பாண்டி வாசலில் தேங்கிய தண்ணீரைத் தாண்டாமல் இந்தப் பக்கமே நின்றார்.

"மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்மா."

"எங்கிட்டயா?"

"தம்பிகிட்டயும்."

"அண்ணே, அவன் கோல விட்டான்னு ஏசுங்க. நானும் ஏசுவேன். ஊர ஏன் இழுத்தீய? எங்களுக்கு எந்தூரு? ஆஸ்பத்திரின்னா வில்லிபுத்தூரு போறோம். வேலைன்னா ராஜபாளையம் வாரோம். இவங்கப்பா கேரளாவுல ரப்பர்த் தோட்டத்துல கெடக்காரு, கிறிஸ்துமசுக்குத்தான் வருவாரு. ஒங்க காலேஜு பனியன மூணு வருசமா நாந்தான் தொவைக்கேன். செவப்புச் சேறு, எம்புட்டுக் கசக்குனாலும் போவாது. ஒரு ஆட்டம் அவன் ஆடி நான் பாத்ததில்ல. பனியனப் பாத்துத்தான் இன்னைக்கு நெறைய விழுந்திருக்கான், இன்னைக்குக் கொஞ்சந்தான் விழுந்திருக்கான்னு நெனச்சுக்கிடுவேன். மொதல் மொதல்ல அவன் ஆடி நான் பாத்தது அந்த வீடியோதான்."

உள்ளேயிருந்து பிரேம்குமார் வெளியே வந்தான். வலைக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது அவன் பெரிய ஆளாகத் தெரிவான். கைலியும் பழைய சட்டையுமாக இப்போது மெலிந்த பையனாக இருந்தான்.

"வாங்க அண்ணாச்சி" என்றான். குரலில் கோபம் இல்லை. அது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு ஒனக்குக் கையில ஏதும் அடியா? பந்த ஒரு மாதிரி அணைச்ச மாதிரி இருந்துச்சு."

"இல்லையே."

"காச்சல் கீச்சல்?"

"இல்ல."

"க்ளவுஸு பழசுல்லா. நனைஞ்சு ஊறிப்போயிருக்கும்."

"மழை எல்லாருக்குந்தான் பெஞ்சுது அண்ணாச்சி. அந்தப் பக்கத்துக் கீப்பரும் அதே மாதிரி க்ளவுஸுதான் போட்டிருந்தான். பந்து கைக்கு வந்துச்சு, போயிருச்சு. அம்புட்டுத்தான். நானும் ஒரு வாரமா யோசிச்சுட்டேன். ஒண்ணும் இல்ல."

ஏதாவது ஒன்று சொல்லியிருந்தால் பால்பாண்டி அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். விரலில் வீக்கம் என்றோ முந்தின நாள் உறங்கவில்லை என்றோ சொல்லியிருந்தால், அதைக் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடை வாசலில் வைத்து, பையன் மேல் தப்பில்லை என்று ஊருக்கே சொல்லியிருப்பார். இங்கே கழற்றி மாட்ட ஒன்றுமே இல்லை. ஆடி மாசத்திலிருந்து அவர் சொல்லிக்கொண்டு வந்த காரணங்களும் அப்படித்தானோ என்று தோன்றியது. பையன்கள் ஆடினார்கள், தோற்றார்கள். தாங்க முடியாமல் தவித்தது அவர்தான். தவிப்பு ஏறும்போதெல்லாம் யார் தலையிலாவது அதை இறக்கி வைத்திருக்கிறார்.

"நீங்க சொன்னதுக்காகப் போறேன்னு நெனைக்காதீய" என்றான் பிரேம்குமார். "எல்லாரும்தான் சொன்னாவ."

"பொறவு?"

அவன் நிலையில் சாய்ந்துகொண்டான்.

"ரெண்டாவது ஆட்டத்துல நான் நாலு கோல் வாங்குனேன். அன்னைக்கு நீங்க என்ன சொன்னீய, ஞாபகம் இருக்கா?"

"இல்ல தம்பி."

"'போனது போட்டும், அடுத்த பந்தப் பாரு'ன்னீய. ஒவ்வொரு கோலுக்கும் சொன்னீய. நாலு தடவ. கிரவுண்டுல எல்லாரும் எனக்கு முன்னாலதான் இருக்காவ. அவிய ஏசுனா மூஞ்சியப் பாக்கலாம். எனக்குப் பின்னால இருந்தது நீங்க ஒரு ஆளுதான். நீங்க யாரு, என்ன வேலை பாக்கீய, ஒண்ணும் தெரியாது. குரலு மட்டுந்தான் தெரியும். அன்னைக்குக் கோல் விழுந்த ஒடனே, அடுத்த பந்தப் பாருன்னு சொல்லுவீயன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேதான் பந்த எடுக்கக் குனிஞ்சேன்."

ஞானபாக்கியம் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்ததை பால்பாண்டி பார்த்தார். நேற்றுக் கிரவுண்டில் சொன்னதெல்லாம் இந்த வாசலில் ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தது.

"பந்து இருக்கா தம்பி?" என்று கேட்டார். ஏன் அதைக் கேட்டார் என்று பிறகு அழகுத்தாயிடம் சொல்லும்போதும் அவருக்கு விளங்கவில்லை.

பிரேம்குமார் அவரை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பந்தை எடுத்து வந்தான்.

வீட்டுக்குப் பின்னால் விதைக்காமல் போட்ட ஒரு வயல் இருந்தது. ஒரு ஓரத்தில் இரண்டு கம்பு நட்டு வைத்திருந்தார்கள். மழைக்கு நடுவயல் முழுக்கத் தண்ணீர் கட்டி நின்றது. பந்தை அடிக்கச் சொல்லப்போகிறான் என்று நினைத்து பால்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். அவன் அவரைக் கம்புகளுக்கு நடுவில் போய் நிற்கச் சொன்னான்.

"நானா?"

"நீங்கதான். பிடிங்க."

முதல் பந்து எப்போது வந்தது என்றே தெரியவில்லை. காதோரம் காற்று அடித்தது, அவ்வளவுதான். போய் எடுத்துக்கொண்டு வந்து உருட்டிவிட்டார். இரண்டாவது நேராக வயிற்றுக்கு வந்தது. இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்ததாகத்தான் நினைத்தார். ஈரமான தோல் சோப்பைப் போல விரலுக்குள் சுழன்று, கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இறங்கி, பின்னால் போய்விட்டது. மூன்றாவதுக்குப் பாய்ந்து, பந்து போன பிறகு சேற்றில் விழுந்தார். எழுந்து நின்றபோது உள்ளங்கை இரண்டும் நெருப்பாக எரிந்தது. பையன் ஓங்கி அடிக்கவில்லை, நிதானமாகத்தான் அடிக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்தது. நாலு, ஐந்து, ஆறு என்று பந்து வந்துகொண்டே இருந்தது. ஒன்று தோளில் பட்டு வெளியே போனது. அதையும் அவர் தடுத்ததாகச் சொல்ல முடியாது.

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த ஒருவன், பெரிய மனுஷன் ஒருவர் சேற்றில் விழுந்து எழுவதைப் பார்த்துவிட்டுப் போனைத் தூக்கினான். பால்பாண்டி அதைப் பார்த்தார். எடுக்கட்டும் என்று நின்றார். பந்துக்கு முன்னால் நின்ற பிரேம்குமாரும் அண்ணாந்து பார்த்தான்.

"ஏலே, போன உள்ள வை" என்றான். அவன் குரல் உயர்ந்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. "இது என்ன படமா காட்டுதோம்? உள்ள வைல."

மாடியில் நின்றவன் போனை இறக்கினான். பால்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. சேற்றுக் கையோடு துடைக்கவும் முடியவில்லை. சட்டைத் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். மேற்கே மலை மறுபடி மூடிக்கொண்டது, இரண்டு மூன்று துளி விழுந்தது. வீட்டின் பின்வாசலில் ஞானபாக்கியம் வந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மகன் ஆடுவதை அவள் நேரில் பார்க்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு என்ன ஷிப்ட்டு அண்ணாச்சி?" என்று பிரேம்குமார் கேட்டான்.

"செகண்ட் ஷிப்ட்டு."

"அப்ப காலையில வாங்க. ஒரு பந்துகூடப் பிடிக்கல நீங்க."

"நாளைக்குத் திங்கக்கிழமைலா தம்பி?" கோயம்புத்தூர் என்று வாய்வரை வந்ததை பால்பாண்டி விழுங்கிக்கொண்டார்.

"ஆமா. ஆறு மணிக்கு ராஜபாளையத்துல இருந்து ஒரு டவுன் பஸ் வரும். அதுல வந்துருங்க. எனக்கு ஒம்பதுக்குக் காலேஜு" என்று சொல்லிவிட்டு, பந்தைக் காலால் தண்ணீரில் உருட்டிச் சேற்றைக் கழுவி, மறுபடி கொண்டுவந்து வைத்தான். "இன்னும் ஒண்ணு. கையத் தாழ்த்தி வைங்க."

பால்பாண்டி கையைத் தாழ்த்தினார்.